யாருக்கு ‘வாங்க’, யாருக்கு ‘வா’

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு தொடர் ‘ஒருமையில் பேசினார்’ என்பது. காவல் ஆய்வாளர் வழக்கறிஞரை ஒருமையில் பேசினார், அலுவலக எழுத்தர் மனு கொடுக்க வந்தவரை ஒருமையில் பேசினார், கவுன்சிலர் அதிகாரியை ஒருமையில் பேசினார் என்று செய்தி வரும். சில நேரங்களில் அது சாலை மறியல்வரை போகும். அடித்ததாகவோ பணம் கேட்டதாகவோ புகார் இருக்காது. வினைமுற்றின் கடைசியில் வரவேண்டிய ஒரு விகுதி வரவில்லை, அவ்வளவுதான். மரியாதையை இலக்கணத்துக்குள்ளேயே வைத்துப் புழங்கும் சமூகத்தில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு ‘காலம் கெட்டுப்போச்சு, யாருக்கும் மட்டு மரியாதை தெரியல’ என்று சலித்துக்கொள்கிறார்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது. மனுவோடு வந்த கிராமத்து மூதாட்டியை எழுத்தர் ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்பது இரண்டு தலைமுறைக்கு முன்னால் செய்தியே ஆகியிருக்காது. அன்றைக்கு அது அலுவலகத்தின் அன்றாடம். இன்று அது செய்தியாகிறது என்றால் மூதாட்டியும் அவரோடு வந்த பேரனும் தங்களுக்கு உரிய ஒன்று மறுக்கப்பட்டதாக நினைக்கிறார்கள் என்று பொருள். முன்பு மரியாதை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்காமல் அது குறைந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. அப்படிப் பார்த்தால், குறைந்திருப்பது பணிவு என்றும், மரியாதை இதற்கு முன் போகாத இடங்களுக்கெல்லாம் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருக்கிறது என்றும்தான் எனக்குப் படுகிறது.

நல்லொழுக்கம் குறைகிறது என்ற கவலை புதிதல்ல. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவையைப் புரட்டினால் இது விளங்கும். பெருவாயின் முள்ளியார் இயற்றிய அந்த நூறு பாட்டுகளும் அன்றாட நடத்தைக்கான கையேடு போன்றவை. எந்தத் திசை பார்த்து உண்பது, பெரியவர்களோடு பந்தியில் இருக்கும்போது எப்படி நடந்துகொள்வது, தான் உண்பதற்கு முன் யார் யாருக்கெல்லாம் உணவு தருவது என்று அது விரிவாகச் சொல்கிறது. விருந்தினர், மூத்தோர், குழந்தைகளோடு பசுவும் பறவையும்கூட அந்த வரிசையில் உண்டு. எச்சில் துப்பவோ மலசலம் கழிக்கவோ கூடாத பத்து இடங்களையும் அது எண்ணிச் சொல்கிறது. பயிர், நீர்த்துறை, நிழல், கோயில் இவற்றோடு வழி, அதாவது மனிதர் நடக்கும் பாதையும் அதில் ஒன்று. எவரும் செய்யாத ஒன்றைச் செய்யாதே என்று யாரும் பாட்டெழுதி வைப்பதில்லை. பாதையில் துப்புகிறவர்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும். அதே நூலில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நல்ல காரியம் தொடங்க நாள் கேட்பதென்றால் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பதைக் குலம் பார்த்தே அது வகுக்கிறது. துப்பாதே என்ற பொது நன்மையும், இன்னாரிடம் கேளாதே என்ற விலக்கும் ஒரே நூலில், ஒரே ‘ஆசாரம்’ என்ற தலைப்பின்கீழ் இருக்கின்றன. நம்முடைய பழைய நன்னடத்தையின் இயல்பே இதுதான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டு ஏங்குவது எளிது.

மரியாதைப் பன்மையும் நாம் நினைக்கிற அளவுக்கு ஆதியிலிருந்து இருந்ததல்ல. சங்கப் புலவர்கள் வேந்தனை நேருக்கு நேர் ‘நீ’, ‘நின்’ என்றுதான் அழைத்தார்கள். புறநானூறு முழுக்க அதைப் பார்க்கலாம். அதில் அவமதிப்பு இல்லை. கடவுளை இன்றும் அப்படித்தானே அழைக்கிறோம். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கணத்தின் நேர்வழி அல்ல என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் குறித்துவைக்கிறது. அப்போதே அது வழக்கில் இருந்தது, ஆனால் இலக்கணியின் பார்வையில் அது மக்கள் உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் அந்த ஏற்பாடு படிப்படியாக விரிந்து நீ, நீர், நீங்கள் என்றும், வா, வாரும், வாருங்கள் என்றும் ஏணியாக நின்றது. மனிதர்கள் உலகெங்கும் பணிவன்பைப் பேச்சில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றி மொழியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வெளியிட்டது. அதற்கு ஆதாரமான மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். தரவு எடுக்கப்பட்ட இடம் கோவை மாவட்டத்தின் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் யார் யாரை ‘நீ’ என்கிறார்கள், யார் யாரை ‘நீங்க’ என்கிறார்கள் என்பதை லெவின்சன் சாதி அடுக்கோடு சேர்த்தே ஆராய்ந்தார். மேலிருந்து கீழே ஒருமை, கீழிருந்து மேலே பன்மை. பேச்சைக் கேட்டே ஊரின் படிநிலையை வரைந்துவிடலாம் என்ற அளவுக்கு அது ஒழுங்காக இருந்தது.

இதற்கு வழக்கமாக ஒரு மறுப்பு சொல்வார்கள். சாதியை எல்லாவற்றிலும் கொண்டுவந்து ஒட்டவேண்டாம், மூத்தோரை மதிப்பதுதான் நம் பண்பாட்டின் அடிப்படை, அது எல்லாச் சாதியிலும் இருக்கிறது, அதுதான் இன்று தேய்கிறது என்பார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வயதும் சாதியும் எதிரெதிராக நிற்கும் இடத்தில் எது வென்றது என்று பார்க்கவேண்டும். எழுபது வயதான பண்ணையாளை மிராசுதார் வீட்டுப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி ‘டேய்’ போட்டுக் கூப்பிட்டான். கிழவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சின்ன ஐயா’ என்றார். தஞ்சை வட்டாரத்தின் நேற்றைய வாழ்வைப் பற்றிய எந்த நினைவுக் குறிப்பிலும், எந்த நாவலிலும் தேடாமலேயே கிடைக்கும் காட்சி இது. அந்தப் பையனை யாரும் மரியாதை கெட்டவன் என்று சொல்லவில்லை. வீட்டில் தாத்தா வந்தால் எழுந்து நிற்கும் அதே பையன்தான் அவன். நன்றாக வளர்க்கப்பட்டவன் என்று ஊரில் பேரும் இருந்திருக்கும். ஆக, வயதுக்கு மதிப்பு என்பது சாதிக்குள் மட்டும் செல்லுபடியான நாணயம். வெளியே வந்தால் அதற்கு விலை இல்லை.

தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், மரியாதை இதைவிடக் கொடிய வடிவம் எடுத்தது. மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்காமல் நிற்பது கீழே வைக்கப்பட்டவர்கள் காட்டவேண்டிய மரியாதை என்று விதித்திருந்தார்கள். ஆண் தோளில் துண்டு போடக் கூடாது, பெண் மேலாடை அணியக் கூடாது. நாடார் பெண்கள் தோள்சீலை அணியத் தொடங்கியபோது அதை அடாவடி என்றும் ஆசாரக் கேடு என்றும் சொல்லிச் சந்தைகளில் சீலையைக் கிழித்தார்கள். 1820களில் வெடித்த பூசல் 1859 வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. அந்த ஆண்டு அரசர் வெளியிட்ட அறிவிப்புகூட மேலாடை அணிய அனுமதித்ததே தவிர, மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக் கூடாது என்று நிபந்தனை போட்டது. சீலையைக் கிழித்தவர்கள் தங்களை முரடர்கள் என்று நினைக்கவில்லை. குலைந்துபோகும் மரியாதையைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்கள். நன்னடத்தை அழிகிறது என்று குரல் எழும் ஒவ்வொரு முறையும் அழிவது எது என்று கேட்டுவிடுவது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என்னிடம் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு விருந்தோம்பலைப் பற்றியது. வழிப்போக்கர் படுக்கத் திண்ணை, கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல், யாத்திரிகருக்குச் சத்திரம், பசித்து வந்தவருக்கு ஒரு வாய்ச் சோறு என்று முன்பின் தெரியாதவருக்கும் முகம் சுளிக்காமல் செய்த சமூகம் இது. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியவில்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. திண்ணை போனது இழப்புதான், அதை மறுப்பதற்கில்லை. வந்தவரைப் பார்த்து ‘வாங்க’ என்று ஒரு சொல் சொல்வது, சொம்பில் தண்ணீர் கொடுப்பது, கிளம்பும்போது ‘போறேன்’ என்னாமல் ‘போய்ட்டு வர்றேன்’ என்பது, கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு இரண்டு கையாலும் நீட்டுவது எல்லாம் நுட்பமாகச் செதுக்கப்பட்ட பழக்கங்கள். ‘வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலையே’ என்பதற்காகப் பல வருடம் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் இருக்கின்றன என்றால் அந்த ஒரு சொல்லின் கனம் புரியும். ஆனால் திண்ணையில் உட்கார வந்தவரிடம் முதலில் கேட்கப்பட்டது ‘எந்த ஊரு, யாரு?’ என்ற கேள்வி. பதில் தெரிந்த பிறகே சொம்பு வந்தது. சிலருக்குச் சொம்பு வரவில்லை, குவித்த கையில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காக நடத்திய குருகுலத்திலேயே மாணவர்களுக்குச் சாதி பார்த்துத் தனிப் பந்தி போட்டது 1920களின் நடுவில் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கு என்று தனி இடம் இருந்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அது போனது. தெரியாதவரை உபசரித்தோம் என்பதைவிட, யாரென்று தெரிந்துகொண்டு உபசரித்தோம் என்பதே உண்மைக்கு நெருக்கம்.

இந்த ஏணியை ஆட்டியது எது? படிப்பு, வாக்குரிமை, நகரம், பேருந்து எல்லாமே காரணங்கள். ஆனால் பேச்சில் மரியாதையை ஓர் அரசியல் கோரிக்கையாகவே வைத்தது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய மாகாண சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டது. ‘கும்பிடுறேன் சாமி’யும் ‘நமஸ்கார’மும் இருந்த இடத்தில் யாரும் யாருக்கும் சொல்லத்தக்க ‘வணக்கம்’ பரவியது. ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்தது. இவற்றை வெறும் மொழித் தூய்மை முயற்சி என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டாத வாழ்த்துச் சொல் தமிழுக்கு அதற்குமுன் இவ்வளவு பொதுவாக வாய்த்ததில்லை. சுவீடனை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் பட்டம், பதவி பார்த்து விளிக்கும் சிக்கலான முறை இருந்தது. 1967இல் அரசுச் சுகாதாரத் துறையின் தலைவரான புரூர் ரெக்செட் தன் ஊழியர்கள் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அது ஒரு சீர்திருத்தத்தின் அடையாளமாகவே ஆகி, சில ஆண்டுகளில் நாடு முழுக்க ‘நீ’ பொதுவாயிற்று. அவர்கள் எல்லோரையும் ஒருமைக்கு இறக்கிச் சமமாக்கினார்கள். தமிழர் தெரு வேறு வழியில் போனது: எல்லோரையும் பன்மைக்கு ஏற்றுவது.

வீட்டுக்குள் நடந்தது இதற்கு நேர்மாறு. கணவன் ‘நீ’ என்பதும் மனைவி ‘நீங்க’ என்பதும், கணவன் பெயரை வாயால் சொல்லாமல் ‘ஏங்க’, ‘இவங்க அப்பா’ என்று சுற்றிச் சொல்வதும் மாறி, இருவரும் பெயர் சொல்லி ‘நீ’ என்று பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் அப்பாவையே ‘நீ வாப்பா’ என்கிறார்கள். இந்த மாற்றத்தை ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இலேயே ஐரோப்பிய மொழிகளை வைத்து விளக்கியிருக்கிறார்கள்: விளிக்கும் சொல் அதிகாரத்தைக் காட்டுவதிலிருந்து விலகி நெருக்கத்தைக் காட்டத் தொடங்கும், அப்போது இரு பக்கமும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் என்பது அவர்கள் கண்டது. ஆக நம்மிடம் சமத்துவம் வீட்டுக்குள் ஒருமையாகவும் தெருவில் பன்மையாகவும் வந்துகொண்டிருக்கிறது. காலம் கெட்டுவிட்டது என்று சொல்கிறவர் பெரும்பாலும் வீட்டிலிருந்து பார்க்கிறார். தான் இழந்த ‘நீங்க’ அவருக்குத் தெரிகிறது. தெருவில் துப்புரவுப் பணியாளரின் மகள் வங்கி மேலாளராக உட்கார்ந்து பெற்றுக்கொள்ளும் ‘நீங்க’ அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

சரி, அப்படியானால் பேருந்தில் முண்டியடிப்பதும் வரிசையில் குறுக்கே புகுவதும் விடாமல் ஹார்ன் அடிப்பதும் கைப்பேசியில் ஊருக்கே கேட்கும்படி பேசுவதும் சமூக ஊடகத்தில் பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசுவதும் சமத்துவத்தின் விளைவா? இல்லை. அவை உண்மையான முரட்டுத்தனங்கள். ஏசுவது பல நேரங்களில் குற்றமும்கூட. ஆனால் அவற்றை ‘குறைந்துபோன பண்பு’ என்பதைவிட ‘இன்னும் உருவாகாத பண்பு’ என்று சொல்வதே பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். முகம் தெரியாத, ஊர் தெரியாத, இனி எப்போதும் பார்க்கப்போகாத ஆயிரம் பேரோடு ஒரே நாளில் உரசிப் போகிற வாழ்க்கைக்கு நம்முடைய பழைய ஆசாரங்களில் போதிய விதி இல்லை. தெரிந்தவருக்கான விதிகள் நிறைய, தெரியாதவருக்கானவை சொற்பம். இந்தப் பற்றாக்குறையை மக்கள் தாங்களாகவே ஓரளவு சமாளித்தும் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநரை ‘அண்ணா’ என்பதும் பூக்காரரை ‘அக்கா’ என்பதும் சாதி கேட்காமல் மரியாதை தர ஒரு வழி. உறவுமுறைச் சொல்லைக் கடன் வாங்கி அந்நியரை ஒரு நிமிடம் உறவாக்கிவிடுகிறது. ‘சார்’ அதைவிடக் கெட்டிக்காரச் சொல், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். மற்றபடி, வரிசை என்பது மனப்பண்பைவிட ஏற்பாட்டைப் பொறுத்தது. அடுத்த வண்டி எப்போது வரும், வந்தாலும் நிற்குமா என்று தெரியாத நிறுத்தத்தில் பேருந்தின் படிக்கட்டில் தொற்றும் அதே ஆள், சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் நிச்சயம் என்ற 2015க்குப் பிந்தைய சென்னை மெட்ரோ நடைமேடையில் ஒதுங்கி நின்று இறங்குபவருக்கு வழிவிடுகிறார். இடையில் அவருக்கு யாரும் பண்பு கற்பித்துவிடவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பழைய ஏணி சாய்ந்த இடத்தில் புதிய ஏணிகள் முளைக்கின்றன. அவை சீருடை, சம்பளம், வண்டி, வாடிக்கையாளர் என்ற தகுதி ஆகியவற்றால் ஆனவை. உணவு கொண்டுவரும் இளைஞர் பின்பக்க லிஃப்டில்தான் ஏறவேண்டும் என்று பலகை வைக்கும் குடியிருப்புகள் உண்டு. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு அன்போடு பழைய புடவை தரும் வீடு, அவருக்கான டம்ளரை மட்டும் தனியே கவிழ்த்து வைத்திருக்கும். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது பல நடத்துநர்களின் தொனி மாறியது குறித்துப் புகார்கள் வந்தன; மறு ஆண்டு ஓர் அமைச்சரே மேடையில் ‘ஓசி’ என்ற சொல்லைப் போட்டுப் பேசிக் கண்டனத்துக்கு ஆளானார். டிக்கெட்டுக்குக் காசு தந்தால்தான் ‘உள்ள போங்கம்மா’, தராவிட்டால் ‘ஏய், உள்ள போ’ என்றால் அங்கே மரியாதை கட்டணத்தோடு சேர்த்து விற்கப்பட்டிருக்கிறது. சாதி கேட்கும் மரியாதைக்கும் சட்டைப்பையைக் கேட்கும் மரியாதைக்கும் வேறுபாடு இருக்கிறது, பின்னதை ஒருவேளை உழைத்து வாங்கிவிடலாம். ஆனால் இரண்டுமே எதிரில் இருப்பவர் திருப்பி என்ன செய்ய முடியும் என்று அளந்துபார்த்த பிறகே வாயைத் திறக்கின்றன.

மரியாதையைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியுமா, மனதிலிருந்து வரவேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. மனதிலிருந்து வந்தால் நல்லது. அதற்குக் காத்திருந்தால் டீக்கடைகளில் சாதி பார்த்து வைத்த இரட்டைக் குவளை இன்னும் வெளிப்படையாக மாடத்தில் இருந்திருக்கும். 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டமும் அதன் பின்வந்தவையும் மனங்களை மாற்றினவோ இல்லையோ, பல டீக்கடைகளில் கைகளைத் தடுத்தன. தடுக்கப்பட்ட கை ஒரு தலைமுறையில் பழகிவிடுகிறது. அடுத்த தலைமுறைக்கு அதுவே இயல்பு. 2021இல் கேரள உயர் நீதிமன்றம் காவலர்கள் பொதுமக்களை ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என்று விளிக்கக் கூடாது என்றது. மாநிலக் காவல்துறைத் தலைவர் அதன்படிச் சுற்றறிக்கை அனுப்பினார். நம் காவல் நிலையங்களுக்கும் அப்படியொரு உத்தரவு வேண்டும். அதே ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: கடை ஊழியர்கள் வேலைக்கிடையே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார இருக்கை வைத்திருக்க வேண்டும். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. தி. நகர் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடை ஊழியர்களைப் பற்றி வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ எடுத்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாடிக்கையாளருக்கு நாற்காலி போட்டு, குளிர்பானம் கொடுத்து, ‘வாங்கம்மா, என்ன பார்க்கறீங்க’ என்று குழையும் அந்தக் கடைகளைவிட உபசாரம் தெரிந்த இடம் நகரத்தில் இல்லை. அந்த உபசாரத்தைச் செய்கிறவர் நாள் முழுக்க நின்றே செய்தார். சட்டம் இருக்கையை வைக்கச் சொல்கிறது. வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போது ஊழியர் உட்கார்ந்தபடியே ‘வாங்க’ என்றால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு மேலாளரிடம் முறையிடலாமா என்பதை அது சொல்லவில்லை. அதை ஒவ்வொரு கடையிலும் வாங்க வருகிறவர்கள்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.